உள்ளே தூங்குகிறார்

நான் வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில் நான்கு கம்ப்யூட்டர்கள் இருந்தன. எண்பதுகளின் கடைசியில் பழவேற்காட்டில் நான்கு கம்ப்யூட்டர்கள் என்று சொன்னால் நம்ப ஆள் கிடைக்காது. ஊரில் பாதிப் பேர் அதைப் பார்த்ததில்லை. பார்த்தவர்கள், அதில் எப்போது படம் போடுவார்கள் என்று கேட்டார்கள். மீனவர் பாதுகாப்புக்கென்று வந்த ஏதோ ஒரு திட்டம் அது. வெளிநாட்டு உதவி, சென்னை அதிகாரிகள், ஏரிக்கரையில் வாடகைக்குப் பிடித்த பழைய கருவாட்டுக் கிடங்கு. சுண்ணாம்பு அடித்து, ஏ.சி. மாட்டி, சாம்பிராணி போட்டுப் பார்த்தும் கருவாட்டு வாசனை போகவில்லை. சென்னையிலிருந்து வருகிறவர்கள் படியேறும்போதே கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் குப்பம் ஏரிக்கு அந்தப் பக்கம், முகத்துவாரத்தை ஒட்டி இருந்தது. அப்போது பாலம் கிடையாது. காலையில் படகில் இக்கரைக்கு வந்து, சாயங்காலம் படகில் திரும்புவேன். பொன்னேரியில் டைப்ரைட்டிங் பாஸ் செய்துவிட்டு, சென்னையில் கொஞ்ச நாள் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்வந்திருந்தேன். நைனா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது அண்ணன்தான். "எங்க வூட்டுப் பொண்ணு ஏ.சி. ரூம்ல குந்திக்கினு வேல பாக்குது" என்று வலைக்காரர்களிடம் அவர் சொல்லித் திரிவது எனக்குக் கூச்சமாக இருக்கும். உள்ளுக்குள் பிடிக்கவும் செய்யும்.

நான்கு பெட்டிகளில் பெரியது பொறியாளர் அறையில் இருந்தது. ஒன்று அதிகாரி அறையில், ஒன்று வயர்லெஸ் அறையில், கடைசி ஒன்று என் மேசையில். ஆரம்பத்தில் நான்கும் ஒன்றோடொன்று பேசாது. நான் ஒரு கோப்பை அடித்து, பிளாப்பியில் எடுத்துக்கொண்டு, அறை அறையாகப் போய்ப் போட்டுவிட்டு வருவேன். மூன்றாவது அறைக்குப் போவதற்குள் முதல் அறையில் யாராவது எதையாவது மாற்றியிருப்பார்கள். அதிகாரி ஒரு எண்ணைச் சொல்வார், வயர்லெஸ் அறையில் இன்னொரு எண் இருக்கும். இரண்டு பேருமே கடைசியில் என்னைத்தான் திட்டுவார்கள். ஒரு தடவை, கரைக்கு வந்துவிட்ட தோணி ஒன்றைக் காணோம் என்று திட்டத்தின் மீட்பு லாஞ்ச் நாள் முழுக்கக் கடலில் தேடியது. தோணிக்காரர் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். மேலிடத்திலிருந்து வந்த திட்டில் அலுவலகமே ஆடிப்போயிற்று.

அதற்குப் பிறகுதான் பொறியாளர் சுவரோரமாகக் கறுப்புக் கேபிள் இழுத்து நான்கு பெட்டிகளையும் இணைத்தார். சின்னதாக ஒரு புரோகிராமும் எழுதினார். அன்றிலிருந்து உண்மையான கோப்பு அவருடைய பெட்டியில் மட்டும்தான். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அது தன்னுடைய நகலை மற்ற மூன்று பெட்டிகளுக்கும் அனுப்பும். அங்கே ஏற்கெனவே என்ன இருந்தாலும் அழித்துவிட்டு இது உட்கார்ந்துகொள்ளும். "மெயின்ல இருக்கறதுதான் நிஜம். மத்த மூணும் கண்ணாடி மாதிரி" என்று எங்களுக்கு விளக்கினார். அவர் சென்னைக்காரர், ஒல்லியான மனிதர், டீயிலேயே உயிர் வாழ்கிறவர், கெட்டவர் இல்லை. மூக்கைப் பொத்தாத ஒரே சென்னைக்காரரும் அவர்தான். அவருடைய ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. திட்டு வாங்குவது நின்றுபோனதே.

அந்தக் கோப்புகளில் முக்கியமானது தோணிக் கோப்பு. ஒவ்வொரு குப்பத்தின் தோணிக்கும் ஒரு எண் உண்டு. தோணி கடலுக்குப் போனால் அந்த எண்ணுக்கு நேரே பூஜ்யம், திரும்பி வந்தால் ஒன்று. காற்று எச்சரிக்கை வரும் நாட்களில் களப்பணியாளர்கள் குப்பங்களுக்குப் போய் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று விசாரித்து வருவார்கள். பொறியாளர் அதை மெயினில் அடிப்பார். அது வயர்லெஸ் அறைக்குப் போகும். அங்கே இருக்கும் ஆபரேட்டர் பாய், திரையைப் பார்த்து, முகத்துவாரத்துக்கு வெளியே நிற்கும் லாஞ்சுக்குச் சொல்வார். எல்லாம் ஒன்று ஆகிவிட்டால் லாஞ்ச் தெற்கே திரும்பிப் போய்விடும்.

அன்றைக்கு ஐப்பசி மாதத்து நாள். காலையில் நான் கிளம்பும்போது கடல் சும்மா இருந்தது. அண்ணன் விடியும் முன்பே இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் டப்பாவைத் திறக்கும்போது வாடைக் காற்று எழும்பியது. முதலில் ஜன்னல் கதவு ஒன்று அடித்தது. கொஞ்ச நேரத்தில் எல்லாக் கதவுகளும் அடித்தன. ஏரித் தண்ணீர் கறுத்துப்போய், கரையில் கட்டியிருந்த படகுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. கரண்ட் போய் ஜெனரேட்டர் போட்டார்கள். வயர்லெஸ்ஸில் எச்சரிக்கை வந்தது. உடனே எங்கள் ஊர்ப் பக்கம் போன களப்பணியாளர், பிற்பகலில் கடைசிப் படகில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். அதற்கு மேல் படகு விடவில்லை. அவரோடு போன இன்னொருவர் வாக்கி டாக்கியோடு அங்கே பள்ளிக்கூடத்திலேயே தங்கிவிட்டார்.

வந்தவர் என் வயதுக்காரர்தான். காலேஜ் முடித்த கையோடு வந்தவர், எல்லாவற்றிலும் சுறுசுறுப்பு. பொறியாளர் அறைக்குப் போய்க் கணக்கைக் கொடுத்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே என் மேசைக்கு வந்தார்.

"சிஸ்டர், உங்க ஊர் முழுசா முடிஞ்சுது. எல்லாமே ஒண்ணு."

எனக்கு மூச்சு வந்தது. "எங்க அண்ணனப் பாத்தீங்களா?"

"பாத்தேனே. நல்லாத் தூங்கிட்டிருந்தார். வாசல்ல நின்னு கேட்டேன், உங்க அண்ணி 'உள்ள தூங்குறாரு'ன்னாங்க. சும்மா சொன்னா போதாதுன்னு எட்டியும் பாத்தேன். பாய் போட்டு, தலையோட போத்திக்கிட்டுப் படுத்திருந்தார். இந்தக் காத்துல எப்படித்தான் தூக்கம் வருதோ."

பாதியில் மூடி வைத்திருந்த சாப்பாட்டு டப்பாவை ஓரமாகத் தள்ளினேன்.

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்பிள்ளை தண்ணீரில் இருக்கும்போது காற்று எழும்பிவிட்டால், அவன் வரவில்லை என்று அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. பாயைப் போட்டு, அதில் தலையணையை நீளவாட்டில் வைத்து, மேலே போர்வையை இழுத்து மூட வேண்டும். யாராவது வந்து கேட்டால் உள்ளே தூங்குகிறார் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. சின்ன வயதில் நைனாவுக்காக நானே அந்தத் தலையணைக்குப் போர்வை இழுத்துவிட்டிருக்கிறேன். உள்ளூர்க்காரர்கள் யாரும் வீட்டு வாசலில் வந்து இப்படிக் கேட்க மாட்டார்கள். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது அவர்களுக்குக் கரையிலேயே தெரிந்துவிடும். வெளியாள்தான் வந்து கேட்பார். கடலிலிருந்து திரும்பி வந்தவன் இந்த நேரத்தில் தூங்கவும் மாட்டான். கரையில் நின்று மற்றவர்களோடு தோணி இழுத்துக்கொண்டிருப்பான்.

அதனால் களப்பணியாளர், அண்ணன் தூங்குகிறார் என்று சொன்ன அதே நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது, அண்ணன் கடலில் இருக்கிறார் என்று.

"வேற யாரு வூட்ல தூங்குனாங்க?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "மொத்தம் மூணு வீடு. மத்த எல்லாரையும் நேர்லயே பாத்துட்டேன். ஏன் சிஸ்டர்?"

என் பெட்டியில் தோணிக் கோப்பைத் திறந்தேன். எங்கள் குப்பத்துத் தோணிகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் நேரே ஒன்று, ஒன்று, ஒன்று. எந்த மூன்று வீடு என்று அவரிடம் கேட்டுக் கேட்டு, அந்த மூன்று தோணிகளுக்கும் நேரே இருந்த ஒன்றை அழித்துப் பூஜ்யம் அடித்தேன். கடைசியாக அண்ணன் தோணிக்கு அடித்தேன். ஏதோ ஒன்றைச் செய்துவிட்ட மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரம்தான். திரை ஒருமுறை அணைந்து வந்தது. மூன்று பூஜ்யங்களும் மறுபடி ஒன்று ஆகியிருந்தன.

திரும்ப அடித்தேன். அப்போதே எனக்குத் தெரியும், இது எங்கேயும் போகாது என்று. மெயினிலிருந்து எனக்கு வரும், என்னிடமிருந்து மெயினுக்குப் போகாது. கண்ணாடியில் பொட்டு வைத்தால் நெற்றியிலா ஒட்டும்? இருந்தாலும் அடித்தேன். விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அடித்து முடித்து, திரையைப் பார்த்தபடியே நின்றேன். மறுபடி நகல் வந்து, என் பூஜ்யங்களை எடுத்துக்கொண்டு போனது. எனக்கு அந்தப் பெட்டியைத் தூக்கி ஏரியில் போட வேண்டும் போல இருந்தது. என் அண்ணன் வந்துவிட்டார் என்று என்னிடமே அது திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

வயர்லெஸ் அறைக்கு ஓடினேன். பாய் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பழவேற்காட்டுப் பழைய குடும்பத்து மனிதர், எங்கள் குப்பத்தோடு அவருடைய வீட்டுக்குத் தலைமுறையாகக் கொடுக்கல் வாங்கல் உண்டு. அவருடைய திரையிலும் அதே ஒன்றுகள்தான்.

"பாய், லாஞ்ச் போயிடுச்சா?"

"கெளம்பப் போறான்மா. வேற ஏதாச்சும் கீதான்னு கேக்கறான். இங்க ஸ்க்ரீன்ல பூஜ்யம் எதுவும் இல்லியே."

"பாய், எங்க ஊர்ல மூணு வூட்ல தூங்குறாங்களாம். எங்க அண்ணனும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு அந்த வழக்கத்தை விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் முகம் மாறிவிட்டது. "யா அல்லா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, லாஞ்ச் பக்கம் பேசும் பொத்தானை அழுத்தி, "கேக்கல சார், கேக்கல, இரைச்சலா கீது, லைன்லயே இருங்க" என்றார். பொத்தானை விட்டுவிட்டு என்னிடம் திரும்பினார். "நானா ஒண்ணு சொல்ல முடியாதுமா. ஸ்க்ரீன்ல இருக்கறத சொல்றதுதான் என் வேல. போன தபா ஆன கலாட்டாவுக்கு அப்பறம் லாஞ்ச்காரனும் ஸ்க்ரீன்ல கீதான்னுதான் கேக்கறான். கொஞ்ச நேரம் இழுக்கறேன். நீ போயி இன்ஜினீயரப் புடி."

பொறியாளர் டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் குப்பத்து வேலை முடிந்த நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"சார், மெயின்ல மூணு தோணிய மாத்தணும்."

"எதை மாத்தணும்?"

எண்களைச் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார். "வந்தாச்சுன்னு இருக்கே."

"தூங்குறாங்கன்னு சொன்னாங்களாம் சார். அது தூக்கம் இல்ல சார்."

"தூக்கம் இல்லேன்னா?"

"எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவாங்க."

"எப்படி?"

சென்னைக்குப் போய்ப் படித்தவள் நான். இந்த மாதிரி வழக்கங்களையெல்லாம் கழற்றி வைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவள். ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் காரியம் முடிந்துவிடும். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. நான் சொல்லி, சொன்னபடி ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்ற பயம்தான். பயம் என்று ஒத்துக்கொள்ள அப்போது மனது வரவில்லை.

அவர் கெட்டிக்காரர், பாதியைத் தானாகவே புரிந்துகொண்டார். "அப்போ உங்க அண்ணன் வரலையா?"

"அப்படிச் சொல்லாதீங்க சார்" என்று கத்திவிட்டேன்.

அவர் திகைத்துப்போய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "என்னம்மா இது? பூஜ்யம்னு மாத்தச் சொல்றே, வரலைன்னு சொல்லவும் கூடாதுங்கறே. நேர்ல போனவர் பாத்துட்டு வந்திருக்கார். படுத்திருந்தார்னு சொல்றார். நீ காலையிலேர்ந்து இங்கதான் இருக்கே. எதை வச்சு நான் மாத்தறது? போன தடவை ஆனது உனக்கும் தெரியும். உங்க அண்ணி எதுக்குப் பொய் சொல்லணும்?"

"அது பொய் இல்ல சார்."

"பின்ன?"

அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது, அண்ணி மேல் அதைவிட அதிகமாக வந்தது. வந்து கேட்டவர் வெளியூர்க்காரர் என்று தெரியாதா? லாஞ்ச் இருக்கிறது, தேடுவார்கள் என்று நான் வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? ஆனால் அண்ணியின் இடத்தில் நான் இருந்திருந்தாலும் பாயைப் போட்டுத் தலையணையைத்தான் மூடியிருப்பேன். இப்போது இங்கே நின்றுகொண்டு அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

பொறியாளர் எழுந்தார். "வாக்கி டாக்கி அந்தப் பக்கம் இருக்கு. உங்க அண்ணியக் கூப்பிடச் சொல்றேன். அவங்க வாயால ஒரு வார்த்தை, வரலைன்னு சொல்லட்டும். உடனே மாத்தறேன். குடும்பத்தார் சொன்னாங்கன்னு நான் மேல பதில் சொல்லிக்கறேன்."

அது நியாயமான பேச்சு. அண்ணியிடமிருந்து அந்த ஒரு வார்த்தையை வாங்கவே முடியாது என்பது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்திலிருந்து எங்கள் வீடு பக்கம்தான். ஆனாலும் அண்ணி வந்து சேரும்வரை நான் அந்த அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பாய், "இரைச்சலா கீது, திரும்பச் சொல்லுங்க, திரும்பச் சொல்லுங்க" என்று லாஞ்ச்காரரிடம் இழுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்து ஆள் பொறுமை இழந்துவிட்டார் என்பது பாயின் குரலிலேயே தெரிந்தது. வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது.

வாக்கி டாக்கி கரகரத்தது. காற்றின் சத்தம், அதற்கு நடுவே அண்ணியின் குரல். அவர் அந்தக் கருவியில் பேசியதே இல்லை. கத்திப் பேசினார்.

"யாரு?"

"நான்தான் அண்ணி."

"இன்னா பாப்பா? நீ அங்கியே இரு. படகு வுட மாட்டாங்க. வராத."

"அண்ணி, இங்க சார் இருக்காரு. அவரு கேட்டுக்கினு இருக்காரு. அண்ணன் எங்க கீது?"

"உள்ள தூங்குறாரு."

பொறியாளர் என்னைப் பார்த்தார். நான் கருவியை இறுக்கிப் பிடித்தேன்.

"அண்ணி, லாஞ்ச் கெளம்பப் போவுது. நீ சொன்னாத்தான் தேடுவாங்க. ஒரே ஒரு வார்த்த சொல்லு."

"தூங்குறாருன்னு சொல்றேன்ல."

"அண்ணி, உன் கால்ல வுழுறேன்."

"எதுக்கு இப்பிடிக் கேக்கற நீ? உனுக்குத் தெரியாதா? நீயே இப்பிடிக் கேக்கலாமா?" அண்ணியின் குரல் உடைந்தது. "என் வாயால வராது பாப்பா. செத்தாலும் வராது."

பொறியாளர் தலையை ஆட்டினார். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்ததை நான் பார்த்தேன். பாய் கதவருகே வந்து நின்று, லாஞ்ச் திரும்புகிறது என்று கையால் சைகை காட்டினார். எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. கெஞ்சிய குரல் போய்விட்டது. அண்ணி மேல் இருந்த கோபமெல்லாம் மேலே ஏறி வந்தது.

"சரி அண்ணி. தூங்குதுன்னா எழுப்பு. எழுப்பி, இந்த மிஷின்ல ரெண்டு வார்த்த பேசச் சொல்லு. நான் வச்சிடறேன்."

அந்தப் பக்கம் காற்று மட்டும் கேட்டது. பொறியாளர் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அண்ணி பேசினார். இந்தத் தடவை கத்தவில்லை.

"என்னால எழுப்ப முடியல பாப்பா. மூணு வூட்டுலயும் எழுப்ப முடியல. அந்த லாஞ்ச அனுப்பி எழுப்பச் சொல்லு. சீக்கிரம் எழுப்பச் சொல்லு."

பொறியாளர் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. மூன்று எண்களையும் தேடி, மூன்றிலும் பூஜ்யம் அடித்தார். அடுத்த நகல் போகும்வரை காத்திருக்கவும் இல்லை. நாற்காலி பின்னால் விழ எழுந்து, "பாய், மூணு, மூணு தோணி, மெயின்ல போட்டாச்சு, நிறுத்துங்க" என்று கத்திக்கொண்டே வயர்லெஸ் அறைக்கு ஓடினார். அவ்வளவு ஒல்லியான மனிதருக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. பாய் பேசியது எனக்குக் கேட்டது. அவருக்கு இப்போது இரைச்சல் எதுவும் இல்லை. வாடை தள்ளும் திசையைச் சொல்லி, தெற்கே பார்த்துத் தேடச் சொன்னார்.

நான் என் மேசைக்கு வந்தேன். திரை ஒருமுறை அணைந்து வந்தது. நான் தொடாமலேயே அந்த மூன்று இடங்களிலும் பூஜ்யம் வந்து உட்கார்ந்தது. அதிகாரி அறையிலும், வயர்லெஸ் அறையிலும் அதே பூஜ்யங்கள் வந்திருக்கும். அன்றைக்கு மாதிரி நான் எந்த எண்ணைப் பார்த்தும் அழுததில்லை.

வெளிச்சம் போவதற்குள் சேதி வந்தது. முதலில் ஒரு தோணி அகப்பட்டது, ஆட்களோடு. இன்னொன்று தெற்கே ஒரு குப்பத்தில் தானாகவே கரை ஒதுங்கியிருந்தது, ஆட்கள் பத்திரம். கடைசியாக அண்ணன். தோணி கவிழ்ந்து, மூன்று பேரும் அதன் மேல் தொற்றிக்கொண்டு கிடந்தார்களாம். ஆட்களை ஏற்றிக்கொண்டார்கள், தோணியை விட்டுவிட்டார்கள். பாய் என் தலையில் கை வைத்து, "நம்ம வூட்டுக்கு வா, இன்னிக்கு அங்க படு" என்றார். வாக்கி டாக்கியில் சேதியை நான்தான் அண்ணிக்குச் சொன்னேன். அண்ணி, "சரி" என்று மட்டும் சொன்னார். சந்தோஷப்பட்டு ஒரு வார்த்தை வரவில்லை. கண்ணால் பார்க்காமல் அவர் எதையும் நம்பப் போவதில்லை என்று புரிந்தது.

முகத்துவாரத்தில் அலை அடங்காததால் லாஞ்ச் அவர்களைத் தெற்கே கொண்டுபோய் இறக்கிவிட்டது. அதனால் கடலுக்குப் போன என் அண்ணன், மறுநாள் காலையில் பொன்னேரி வழியாகப் பஸ்ஸில் வந்து இறங்கினார். யாரோ கொடுத்த சட்டை அவருக்குத் தொளதொளவென்று இருந்தது. தோள் இரண்டும் சிராய்ந்து, உதடு வெடித்து, உப்புப் பூத்துப்போயிருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது, "தோணி பூட்ச்சி பாப்பா" என்பதுதான். நைனா காலத்துத் தோணி அது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

காற்று தணிந்து முதல் படகு விட்டிருந்தார்கள். அண்ணி அதில் வந்து, கரையிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரைக்கும் ஓடி வந்தார். அண்ணனைக் கண்டதும் சட்டென்று நின்றார். தலையிலிருந்து கால் வரைக்கும் ஒருமுறை பார்த்தார். கையை நீட்டி அவருடைய முகத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கிட்டே போய், கையை மடக்கி அவர் மார்பில் ஓங்கி ஒரு குத்து விட்டார்.

"நீ வரல" என்றார். அண்ணனை அவர் நீ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

"காத்து எழும்புச்சு, நீ வரல. எல்லாத் தோணியும் வந்துச்சு, நீ வரல. பொழுது போச்சு, நீ வரல. வெளக்கு வச்சேன், அப்பவும் நீ வரல." ஒவ்வொன்றுக்கும் ஒரு குத்து. பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டார். நான் அண்ணியின் கையைப் பிடிக்கப் போனேன். தோள் சிராய்ந்திருக்கிறது, வலிக்கும் என்று எனக்கு.

அண்ணன் என்னைத் தடுத்தார். "சொல்லட்டும், வுடு" என்றார்.

அண்ணி சொல்லிக்கொண்டே இருந்தார். குத்துவதற்குத் தெம்பு போன பிறகும், அவர் மார்பில் நெற்றியை முட்டுக் கொடுத்துக்கொண்டு, வரல, வரல என்று குரல் கம்மிப்போகும்வரை சொன்னார். அண்ணன் அசையாமல் நின்று, ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார்.